நான் நேராக்கிய படம்

அஸ்தம்பட்டியில், கணினிக் கோப்புகளுக்குச் சான்று கொடுக்கும் நம் அலுவலகத்தில் இது எனக்குக் கடைசி வாரம். திங்கட்கிழமை முதல் என் இடத்தில் நீங்கள் இருவரும் உட்காரப் போகிறீர்கள். எந்தப் படிவம், எந்தப் பொத்தான், எந்த அலமாரி என்பதையெல்லாம் பச்சைக் கோப்பில் எழுதி வைத்துவிட்டேன். அதில் எழுத இடமில்லாத ஒன்றை இங்கே எழுதுகிறேன். எனக்கு வயது இருபத்தொன்பதுதான். பென்ஷன் வாங்குகிறவள் போல அறிவுரை சொல்ல வந்துவிட்டாள் என்று சிரிப்பீர்கள், சிரியுங்கள். ஆறு வருடம் இங்கே வேலை பார்த்திருக்கிறேன். ஒருமுறை நீதிமன்றத்தில் நின்று என் தவற்றை நானே ஒப்புக்கொண்டிருக்கிறேன். அந்தத் தகுதி எனக்குப் போதும்.

ஹேஷ் என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரியும். ஆனாலும் வருகிற ஒவ்வொருவருக்கும் நீங்கள் சொல்ல வேண்டியிருக்கும் என்பதால் நான் சொல்லும் விதத்தைச் சொல்கிறேன். ஒரு கோப்பை, அது படமாக இருந்தாலும் பத்திரமாக இருந்தாலும், ஒரு நிரலிடம் கொடுத்தால் அதை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை படித்துவிட்டு அறுபத்து நான்கு எழுத்துகளும் எண்களும் கொண்ட ஒரு வரியைத் தரும். அதே கோப்பை எந்த ஊரில், எந்தக் கணினியில் கொடுத்தாலும் அதே வரிதான் வரும். கோப்பின் பெயரை மாற்றினாலும் வரி மாறாது. உள்ளே ஒரு புள்ளி மாறினால் வரி முழுவதும் மாறிவிடும். இதை விரல் ரேகை என்று யாரிடமும் சொல்லாதீர்கள். ரேகை ஆளைக் காட்டும். ஹேஷ் ஆளைக் காட்டாது, நடந்ததையும் காட்டாது. இந்த நாளிலிருந்து இந்தக் கோப்பில் யாரும் கை வைக்கவில்லை என்று மட்டும் சொல்லும். அதற்கு மேல் அதனிடம் கேட்கக் கூடாது.

நான் சேர்ந்தபோது நமக்கு முக்கியமான வாடிக்கையாளர்கள் ரிக் ஆபீஸ்காரர்கள். நாமக்கல், திருச்செங்கோடு பக்கத்து போர் வண்டிகள் எங்கெங்கோ போய் ஆழ்துளைக் கிணறு போடுகின்றன. தண்ணீர் வராத போரை மூடாமல் விட்டுவிட்டு வந்தால் வழக்கு வரும். அதனால் வேலை முடிந்ததும், துளை போடும் டிரில்லர், குழாயின் வாயில் இரும்பு மூடி போட்டு, இரண்டு போல்ட்டை முறுக்கி, சுண்ணாம்புக் கட்டியால் மூடி மேல் தேதியும் ஊரும் எழுதி, பின்னால் வண்டி நம்பர் தெரியும்படி ஒரு படம் எடுப்பார். சிலர் மூடி மேல் ஒரு எலுமிச்சம்பழமும் வைப்பார்கள். தண்ணீர் வந்த போருக்குத்தான் பழம் என்றில்லை, வராததற்கும் உண்டு. திங்கட்கிழமைதோறும் அந்தப் படங்கள் நம்மிடம் வரும். நாம் ஒவ்வொன்றுக்கும் ஹேஷ் எடுத்து, பட்டியலாக அச்சடித்து, இரு தரப்பும் கையெழுத்துப் போட்டு, ஆளுக்கு ஒரு பிரதி வைத்துக்கொள்வோம். அதே பட்டியல் மின்னஞ்சலிலும் போகும். பின்னால் யாரும் தேதியைத் திருத்த முடியாது.

இப்போது என் தவறு.

டிரில்லர்கள் கிரீஸ் படிந்த ஒரு கையில் போனைப் பிடித்து எடுப்பார்கள். படம் பாதி நேரம் படுத்துக்கொண்டு வரும். வானம் இடப்பக்கம், மண் வலப்பக்கம். எனக்கு அதைப் பார்த்தால் கை சும்மா இருக்காது. காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டில் முதன்முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். அப்பா புதுச்சத்திரத்தில் முட்டை லாரிக்கு லோடு ஏற்றுகிறவர். நான் ஆறாம் வகுப்புப் படிக்கும்போது ஓர் அலுவலகத்தில் அவர் ஒரு நோட்டீசைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு தலையாட்டியதையும், மேசைக்குப் பின்னால் இருந்தவர் பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டியதையும் பார்த்தேன். அன்றிலிருந்து என் கைக்கு வருகிற எந்தத் தாளும் கோணலாக இருக்கக் கூடாது. என் நோட்டில் ஓரக்கோடு இல்லாத பக்கம் கிடையாது. அந்தப் பெருமை இன்னும் எனக்கு இருக்கிறது, விடப்போவதும் இல்லை.

அந்தப் பெருமையோடுதான் அந்தப் படங்களை நேராக்கினேன். கணினியில் படம் பார்க்கும் நிரலில் ஒரு வளைந்த அம்புக்குறி இருக்கும். அதை அழுத்தினால் படம் நிமிர்ந்துவிடும். அடுத்த படத்துக்குப் போனதும் அது நம்மைக் கேட்காமலே சேமித்துக்கொள்ளும். எல்லாவற்றையும் நிமிர்த்திவிட்டு, பிறகு ஹேஷ் எடுத்தேன். பட்டியல் பார்க்க அழகாக இருந்தது. ஒரு புள்ளி மாறினால் வரியே மாறிவிடும் என்று வருகிறவர்களுக்கெல்லாம் விளக்கிக்கொண்டிருந்த அதே வாரங்களில், திருப்புவது மாற்றுவது ஆகாது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒன்பது வாரம் இப்படிச் செய்தேன். பத்தாவது வாரம் ஏதோ ஒரு படத்தைச் சோதித்தபோது எனக்கே புரிந்தது. அன்றோடு நிறுத்தினேன். யாரிடமும் சொல்லவில்லை. நேராக்கியது தெரியாமல் செய்தது. சொல்லாமல் விட்டது தெரிந்தே செய்தது. இரண்டில் எது பெரியது என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

ஒன்றரை வருடம் கழித்து வக்கீல் அம்மா ஒருவர் செங்கோட்டுவேல் அண்ணனை அழைத்துக்கொண்டு வந்தார். அண்ணன் டிரில்லர், நாற்பது வயது இருக்கும். சேந்தமங்கலம் பக்கம் ஒரு மானாவாரி மேட்டாங்காட்டில் அவர் போட்ட போரில் தண்ணீர் வரவில்லை. அந்தக் காட்டில் புல் அறுக்கப் போன பாவாயி என்ற அம்மாவின் கால் அந்தக் குழாய்க்குள் போய் இரண்டு இடத்தில் முறிந்துவிட்டது. புல் மறைத்திருந்ததால் குழி தெரியவில்லை. நிலத்தின் சொந்தக்காரரான காட்டுக்காரர், ரிக்காரன் மூடாமல் விட்டுவிட்டுப் போய்விட்டான் என்று புகார் கொடுத்தார். அண்ணன் மேல் வழக்கு. ஜாமீன் கிடைத்தும் தினமும் காலையில் ஸ்டேஷனில் கையெழுத்துப் போட வேண்டியிருந்ததால் வண்டியோடு போக முடியவில்லை. தீர்ப்பு எதிராக வந்தால் சிறை. அதன் பிறகு எந்த ரிக் ஆபீசும் அவரை வண்டியில் ஏற்றாது.

“ஏனுங்க அம்மிணி, தண்ணி வந்த போரெல்லாம் யாருக்கும் ஞாபகமில்லீங்க. வராத போருக்குத்தான் இத்தன பேரு வர்றாங்க” என்றார் அண்ணன், உட்காரும்போதே.

மூடி போட்டு எடுத்த படம் அவரிடம் இருந்தது. போட்ட போர் ஒவ்வொன்றின் படத்தையும் ஒரு மெமரி கார்டில் அழிக்காமல் வைத்திருக்கிற மனிதர். ஆனால் காட்டுக்காரர் தரப்பு வக்கீல், விபத்துக்குப் பிறகு வேறெங்கோ ஒரு மூடி போட்டு, போனின் தேதியைப் பின்னால் தள்ளி வைத்து எடுத்த படம் என்று சொல்லிவிட்டார். போனில் தேதியை யாரும் மாற்றலாம், அது உண்மைதான். ஆகவே எல்லாம் நம் பட்டியலைத்தான் நம்பியிருந்தது. கார்டில் இருக்கும் படத்தின் ஹேஷும், ஒன்றரை வருடத்துக்கு முந்தைய திங்கட்கிழமைப் பட்டியலில் இருக்கும் ஹேஷும் ஒன்றாக இருந்தால் அந்த வாதம் முடிந்தது.

கார்டிலிருந்து நகல் எடுத்தேன். படத்தைத் திறந்தேன். படுத்துக்கொண்டிருந்தது. மூடி, எலுமிச்சம்பழம், வண்டி நம்பர், ஓரத்தில் அண்ணனின் செருப்பு, எல்லாம் இடப்பக்கம் சாய்ந்து கிடந்தன. பட்டியலின் தேதியைப் பார்ப்பதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. நான் சேர்ந்த இரண்டாவது மாதம்.

ஹேஷ் எடுத்தேன். முதல் நான்கு எழுத்திலேயே ஒட்டவில்லை.

“இது என்னங்க, லாரி நம்பர் மாதிரி இருக்குது, முடியவே மாட்டேங்குது” என்றார் அண்ணன் திரையைப் பார்த்து. “சேருதுங்களா?”

“சேரலீங்கண்ணா” என்றேன்.

வக்கீல் அம்மா குறுக்கிட்டார். “உங்க ஆபீஸ்ல அன்னிக்குக் குடுத்த காப்பி இருக்குமில்ல? அத எடுத்துப் பாருங்க.”

அதை எடுத்துப் பார்த்தேன். பட்டியலோடு அறுபத்து நான்கும் ஒட்டியது. ஒட்டாமல் எப்படி இருக்கும்? நான் நிமிர்த்திய பிறகு எடுத்த ஹேஷ், நான் நிமிர்த்திய படம்.

வக்கீல் அம்மா சாய்ந்து உட்கார்ந்தார். “அப்பச் சரி. இந்தக் காப்பிக்கே சர்ட்டிபிகேட் குடுத்துருங்க. கார்டு கெட்டுப் போச்சுன்னு சொல்லிக்கலாம். கெட்டுப் போறதுதானே.”

இங்கேதான் நீங்கள் நிற்பீர்கள், என்றாவது ஒரு நாள். அதனால் அந்த ஒரு நிமிடத்தில் என் மனதில் ஓடியதை மறைக்காமல் எழுதுகிறேன். அண்ணன் மூடியிருந்தார், அதில் எனக்குச் சந்தேகமில்லை. கார்டு கெட்டுவிட்டது என்றால் அவர் தப்பிப்பார், நானும் தப்பிப்பேன். யாருக்கும் கெடுதலில்லை என்று தோன்றியது. பிறகு இன்னொன்றும் தோன்றியது. ஒரு படத்தைக் காப்பாற்ற ஒரு கார்டை ஒளித்தால், இந்த அலுவலகத்தில் நாம் விற்பது என்ன? கை வைக்கவில்லை என்ற ஒரே ஒரு சொல்லைத்தான். அதில் நானே கை வைத்தால் மிச்சம் ஒன்றுமில்லை.

“கார்டு கெடலீங்க. படத்தத் திருப்புனது நான்” என்றேன்.

வக்கீல் அம்மா என்னைப் பார்த்த பார்வை நன்றாக ஞாபகமிருக்கிறது. “இதக் கோர்ட்டுல சொன்னா எதிர் வக்கீல் துள்ளிக் குதிப்பாரு. படம் மாத்துனதுன்னு அவரு சொல்றத, மாத்துனவளே வந்து ஒத்துக்கறீங்க.”

“ஆமாங்க” என்றேன்.

உள்ளே போய் நம் முதலாளியிடம் சொன்னேன். அவர் கத்துகிறவர் இல்லை என்பது உங்களுக்கும் தெரியும். “எத்தன வாரம்?” என்று கேட்டார். ஒன்பது என்றேன். “அந்த ஒம்போது வாரத்துல படம் குடுத்த எல்லா ஆபீசுக்கும் இன்னிக்கே லெட்டர் போடு. நான் கையெழுத்துப் போடறேன். இந்தக் கேசு என்னாகும்ங்கறது அதுக்கப்புறம்” என்றார். அந்தக் கடிதங்களை எழுதிக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு ஒன்று உறைத்தது.

எல்லாக் கடிதத்திலும் ஒரே வாக்கியத்தை எழுதிக்கொண்டிருந்தேன். இந்த நிரலில், இந்த அம்புக்குறியை ஒருமுறை அழுத்திப் படத்தை வலப்பக்கம் திருப்பினேன். மூன்றாவது கடிதத்தில் கை நின்றது. நான் செய்தது ஒரே ஒரு செயல். அதே மூலப்படத்தை, அதே நிரலில், அதே மாதிரி ஒருமுறை திருப்பினால், அதே கோப்புதானே வர வேண்டும்? வந்தால் அதே ஹேஷ் வர வேண்டும். அந்த ஹேஷ் பட்டியலில் ஒன்றரை வருடத்துக்கு முன்பே அச்சாகியிருக்கிறது. அப்படியானால் மூலப்படம் அன்றைக்கே இருந்திருக்க வேண்டும். விபத்துக்குப் பிறகு எடுத்த படத்தைத் திருப்பி, ஒன்றரை வருடத்துக்கு முந்தைய வரியை வரவழைக்க யாராலும் முடியாது.

ஓடிப் போய் கார்டுப் படத்தின் நகலைத் திருப்பினேன். ஹேஷ் எடுத்தேன். ஒட்டவில்லை.

திரும்பவும் செய்தேன். ஒட்டவில்லை. அண்ணன் வெளியே பெஞ்சில் காத்துக்கொண்டிருந்தார். அவரிடம் போய் ஏதாவது சொல்லியிருந்தால் அன்று பெரிய பிழை செய்திருப்பேன். வாயை மூடிக்கொண்டு யோசித்தேன். இந்தக் கணினி போன வருடம் வாங்கியது. இதில் இருக்கும் நிரல் வேறு. நான் திருப்பியது பழைய கணினியில்.

பழைய கணினி ஜெராக்ஸ் பேப்பர் கட்டுகளுக்கு மேடையாக மேசைக்கு அடியில் கிடந்தது. கட்டுகளை இறக்கி, தூசி தட்டி, கம்பிகளை மாட்டினேன். அது எழுந்திருக்க எடுத்துக்கொண்ட நேரத்தில் வக்கீல் அம்மா இரண்டு டீ குடித்துவிட்டார். நகலைப் போட்டேன். அம்புக்குறியை ஒருமுறை அழுத்தினேன். அடுத்த படத்துக்குப் போனேன். ஹேஷ் எடுத்தேன்.

நான் திரையைப் படித்தேன், வக்கீல் அம்மா பட்டியலைப் படித்தார். நம் வழக்கப்படி நான்கு நான்காக. பதினாறு முறை ‘சரி’ சொன்னார். கடைசிச் சரிக்குப் பிறகு அவர் தாளைக் கீழே வைக்கவில்லை. “இன்னொரு தடவ” என்றார். இன்னொரு தடவையும் ஒட்டியது.

சான்றிதழில் எல்லாவற்றையும் எழுதினேன். திருப்பியது நான், தேதி இது, கணினி இது, சொல்லாமல் இருந்தது இத்தனை நாள். இப்போது சட்டமே சான்றிதழில் ஹேஷை எழுதச் சொல்கிறது. என்ன தவறு செய்தோம் என்பதை எழுதச் சொல்லும் கட்டம் அந்தப் படிவத்தில் இல்லை. தனித் தாளில் எழுதி இணைத்தேன்.

நாமக்கல்லில் விசாரணை. பழைய கணினியைப் பேருந்தில் மடியில் வைத்துக்கொண்டு போனேன். புதுச்சத்திரம் தாண்டும்போது கண்டக்டர், “அதுக்கும் சீட்டு வேணும் போலிருக்கே, சாமி” என்றார். அது விழுந்துவிடக் கூடாது என்பதைத் தவிர என்னிடம் வேறு நினைப்பு இல்லை.

எதிர்பார்த்தபடியே எதிர் வக்கீல் ஆரம்பித்தார். “படத்த மாத்துனது நீங்கதானுங்களே?”

“ஆமாங்க.”

“தெரிஞ்சும் ஒன்னரை வருசம் சொல்லல.”

“ஆமாங்க.”

“அப்புறம் உங்க லிஸ்ட எதுக்கு நம்பணும்?”

“என்னை நம்ப வேண்டாங்க. நீங்களே செஞ்சு பாருங்க” என்றேன்.

நீதிபதி முதலில் மூலப்படத்தைக் காட்டச் சொன்னார். படுத்திருந்த படத்தைப் பார்க்கத் தலையை இடப்பக்கம் சாய்த்தார். பின்னால் இருந்த எழுத்தரும் சாய்த்தார். பிறகு எதிர் வக்கீலையே வந்து அம்புக்குறியை அழுத்தச் சொன்னார். அவர் அழுத்தினார். நான் எதையும் தொடவில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். பட்டியலையும் அவரே கையில் வைத்துக்கொண்டு நான்கு நான்காகப் படித்தார். முதல் நான்கைச் சத்தமாகப் படித்தார். ஏழாவது எட்டாவதில் குரல் இறங்கியது. கடைசி நான்கை அவர் உதடு மட்டும்தான் படித்தது. நீதிபதி, “கேக்கலயே” என்றார். அவர் திரும்பவும் படித்தார்.

அண்ணனுக்கு விடுதலை. போர் அன்றைக்கு மூடப்பட்டிருந்தது என்பதை நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது.

வெளியே வந்தபோது பாவாயி அம்மா மரத்தடியில் கைத்தடியோடு நின்றுகொண்டிருந்தார். காலை முழுவதும் உள்ளே உட்கார்ந்து கேட்டவர். என்னைக் கூப்பிட்டார்.

“ஏஞ்சாமி, அவரு மூடித்தான் வச்சாருன்னா, அப்ப யாரு தொறந்தது?”

“அது இதுல தெரியாதுங்கம்மா” என்றேன்.

“இத்தன எழுத்து இருக்குது, அதுல ஒண்ணுகூடச் சொல்லாதா?”

சொல்லாது என்றேன். அவர் என் கையில் இருந்த கணினியைத் தடியால் காட்டி, “அப்ப யாரையாவது கேக்கச் சொல்லு” என்றார். அந்த வாக்கியத்தை அன்றே வக்கீல் அம்மாவிடம் சொன்னேன். அவர் பாவாயி அம்மாவுக்காக ஒரு மனு எழுதிக் கொடுத்தார். மூடியைக் கழற்றியது யார் என்ற விசாரணை தனியாக நடக்கிறது. அதற்கும் நம் பட்டியலைக் கேட்டிருக்கிறார்கள். முறைப்படி கடிதம் வந்ததும் உடனே கொடுங்கள். அந்த அம்மா கேட்ட கேள்விக்கு நம்மிடம் பதில் இல்லை என்பதற்காக, இருப்பதைக் கொடுப்பதில் தாமதம் கூடாது.

நம் பதிவேட்டில் கடைசியாக ஒரு கட்டம் இருக்கிறது, ‘கை பட்டது’ என்று. அது நான் சேர்த்தது. கோப்பு வந்ததிலிருந்து யார் அதை என்ன செய்தாலும் அதில் எழுத வேண்டும். தவறாகச் செய்தால் முதலில் எழுத வேண்டும். அந்த ஒன்பது வாரப் பக்கங்களிலும் சிவப்பு மையில் என் கையெழுத்து இருக்கிறது. வருகிறவர்கள் பார்த்துக் கேட்டால் சொல்லுங்கள், எனக்கு அதில் வெட்கமில்லை. அப்பாவுக்கு ஒரு நாள் அந்தப் பக்கத்தைக் காட்டினேன். சிவப்பில் இருப்பதுதான் உன் பெயரா என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

செங்கோட்டுவேல் அண்ணன் இப்போது வண்டியோடு வடக்கே போயிருக்கிறார். திங்கட்கிழமைதோறும் அவர் படங்கள் வருகின்றன, எல்லாம் படுத்துக்கொண்டுதான். போன மாதம் போனில், “அண்ணா, கொஞ்சம் நேராப் புடிச்சு எடுங்களேன்” என்றேன். “நீங்க தலயச் சாச்சுக்கங்க, அம்மிணி. ஜட்ஜே சாச்சாரு” என்றார்.

வருகிற திங்கட்கிழமையும் அவர் படங்கள் வரும். அப்படியே ஹேஷ் எடுங்கள். உங்களுக்கும் கை சும்மா இருக்காது. கழுத்தைச் சாய்த்துக்கொள்ளுங்கள்.